பப், மண்டபம், ஆண்டு விருந்து: கோலாலம்பூரில் ஒரு ராக் கிட்டாரிஸ்டின் பிழைப்பு

கோலாலம்பூரில் ராக் பேண்டில் கிட்டார் வாசித்துக்கொண்டே வீட்டு வாடகை கட்ட முடியுமா என்று கேட்கும் தம்பிகளுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். முடியும். ஆனால் ராக் மட்டும் வாசித்து முடியாது. ஆங்கில ராக்குக்கு பப், மலாய் ராக்குக்கு கம்பெனி ஆண்டு விருந்து, தமிழ்ப் பாட்டுக்குக் கல்யாண மண்டபம். இந்த மூன்று மேடையிலும் ஒரே வாரத்தில் ஏறி இறங்கத் தெரிந்தவனுக்குத்தான் இந்த ஊரில் மாதம் முழுக்க வேலை இருக்கும். சொந்தப் பாட்டு வாசிக்கும் பேண்ட் நாலாவது. அதில் வரவு கிடையாது, செலவு மட்டும்தான். அதற்காகத்தான் மற்ற மூன்றும்.

நான் கோலாலம்பூர் செந்தூல்காரன். அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. எண்பதுகளின் கடைசியில் எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் எந்தப் பையன் கையில் கிட்டார் இருந்தாலும் அது சீனாவில் செய்த கப்போக்தான். என் வயதுக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே விரல் நுனியைத் தடவிப் பார்ப்பார்கள். கம்பி அவ்வளவு மேடாக நிற்கும். வாத்தியார் வைத்துக் கற்க வசதியில்லை. கார்டு (கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஸ்வரக் கூட்டு) அச்சிட்ட பாட்டுப் புத்தகம் பேப்பர் கடையில் கிடைக்கும், மற்றதெல்லாம் கேசட். பேட்டரி இறங்க இறங்க கேசட் ஓடும் வேகம் குறையும், சுருதியும் கூடவே இறங்கும். அதனால் முதலில் கேசட்டுக்கு ஏற்றபடி கிட்டாரைச் சுருதி சேர்ப்போம், அப்புறம்தான் சோலோவைத் துண்டு துண்டாகப் பிடிப்போம். இப்போது யூடியூபில் விரலைக் கிட்டத்தில் காட்டி, வேகத்தைப் பாதியாகக் குறைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல வசதிதான், நானும் பார்க்கிறேன். இருந்தாலும் என்னிடம் கற்க வருபவர்களை மாதம் ஒரு பாட்டையாவது எதையும் பார்க்காமல் காதால் மட்டும் பிடித்துவரச் சொல்கிறேன். பட்டியலில் இல்லாத பாட்டைப் பாடகர் திடீரென்று எடுக்கும்போது யூடியூப் திறக்க நேரம் இருக்காது.

அது மலாய் ராக் கொடிகட்டிப் பறந்த காலம். 1981-இல் ஜொகூர் பாருவில் தொடங்கிய சர்ச் குழு, அப்புறம் விங்ஸ், லெஃப்ட்ஹேண்டட் குழுக்கள் என்று எங்கே போனாலும் அவர்கள் பாட்டுதான். லெஃப்ட்ஹேண்டட்டின் கிட்டாரிஸ்ட் மான் கிடால் இடது கைக்காரர். அவரைப் பார்த்துவிட்டு வலது கைக்காரப் பையன்களும் கிட்டாரைத் திருப்பிப் பிடித்துப் பார்த்ததுண்டு. நீண்ட முடி வைத்த ராக்கர்களுக்கு அரசு ஒளிபரப்பான ஆர்டிஎம் தொலைக்காட்சியில் இடமில்லை என்று இருந்தது. 1992-இல் அப்போதைய தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் முன்னிலையில் சர்ச், விங்ஸ் பாடகர்கள் முடியைக் குறைத்துக்கொண்டார்கள். "அவனுங்களே வெட்டிக்கிட்டானுங்க, உனக்கு என்ன வந்துச்சு?" என்று அம்மா என்னையும் முடிவெட்டும் கடைக்குத் துரத்தினார்.

இந்த உலகத்தில் தமிழ்ப் பையனுக்கு என்ன இடம் என்று வீட்டில் கேட்டபோதெல்லாம் நான் காட்டியது அலிகேட்ஸைத்தான். பினாங்கிலிருந்து கிளம்பிய குழு. டேவிட் ஆறுமுகமும் 2007-இல் காலமான அவர் தம்பி லோகநாதனும் மலாய்ப் பாட்டுப் பாடியே நாடு முழுக்கப் பெயர் வாங்கியவர்கள். ராக் என்று அவர்களைச் சொல்ல முடியாதுதான். அப்பாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பது எனக்கு வசதியாக இருந்தது. கொஞ்சம் வளர்ந்த பிறகு, மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் வாசித்துவந்த பால் பொன்னுதுரையைக் கேட்டேன். 2012-இல் மறைந்துவிட்டார். ஒரே கிட்டாரில் பேஸும் தாளமும் மெட்டும் ஒன்றாக வரும். அவரைக் கேட்ட பிறகு வேகமாக வாசிப்பது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

சரி, மேடைக்கு வருவோம்.

பப் வேலை வெளியிலிருந்து பார்த்தால் ராக் வாழ்க்கை மாதிரிதான் இருக்கும். ராத்திரி பத்துக்கு ஆரம்பித்து, முக்கால் மணி நேரம் வீதம் மூன்று செட். நாலு பேர், சின்ன மேடை. வந்திருப்பவர்கள் உங்கள் சோலோ கேட்க வரவில்லை. ஈகிள்ஸ், பான் ஜோவி, டீப் பர்ப்பிள் என்று தெரிந்த பாட்டை நண்பர்களோடு சேர்ந்து கத்திப் பாட வந்திருக்கிறார்கள். ஆக இங்கே கிட்டாரிஸ்டின் முக்கிய வேலை ரிதம். டிரம்மரின் வலது காலோடு உங்கள் வலது கை ஒட்டிக்கொண்டால் போதும், பாதிக் கச்சேரி முடிந்த மாதிரி. முதல் செட்டில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், அப்போதே சத்தத்தைக் கூட்டினால் முதலாளி கவுண்டரிலிருந்து கையைக் கீழே காட்டுவார். கனமான பாட்டுகளை மூன்றாவது செட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரை ஸ்வரம் இறக்கி வாசிக்க வேண்டியவை, தடித்த கம்பியை இன்னும் இறக்க வேண்டியவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றிக்கொண்டு நின்றால் கூட்டம் போனை எடுத்துவிடும், அப்புறம் அந்தப் போனைக் கீழே வைக்க வைப்பது பெரும்பாடு. இரண்டாவது கிட்டார் கட்டாயம் வேண்டும். அழகுக்காக இல்லை, கம்பி அறும் ராத்திரிக்காக.

கல்யாண மண்டபம் வேறு உலகம். நான் ராக்கில் கற்றது எதுவும் முதலில் அங்கே உதவவில்லை. பாடகர் நேரே வந்து, "அண்ணே, எனக்கு ஒன்றரை வச்சுக்குங்க" என்பார். ஒன்றரை என்றால் ஒன்றரைக் கட்டை. ஹார்மோனியக் கணக்கு அது: ஒன்று சி, இரண்டு டி, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. வெள்ளைக் கட்டைகளுக்கு முழு எண், நடுவில் இருக்கும் கருப்புக் கட்டைகளுக்கு அரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கருப்பு இல்லாததால் மூன்றரை என்ற பேச்சே கிடையாது. ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டரைக்குள் கேட்பார்கள், பெண்கள் ஐந்து, ஐந்தரை பக்கம். ராக் கிட்டாரிஸ்ட் வளர்ந்ததோ ஈ, ஏ என்று திறந்த கம்பிகள் ஒலிக்கும் சுருதிகளில். ஒன்றரைக் கட்டை மேஜர் என்றால் ஆறு கம்பியில் ஒன்றுகூடத் திறந்தபடி உதவாது. கேப்போவை (எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) முதல் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்) மாட்டிக்கொண்டு சி வடிவங்களை வாசிப்பதுதான் சுலபம். ஆனால் அதே பாட்டில் மேலே போய் ஒரு பிட் வாசிக்க வேண்டியிருந்தால் ஃப்ரெட்போர்டு புள்ளிகள் எல்லாம் ஒரு இடம் தள்ளிப்போய்க் கையைக் குழப்பும். அந்த மாதிரிப் பாட்டுக்கு நான் கேப்போ போடுவதில்லை, ஒரு விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்கவைக்கும் பாரே கார்டு பிடித்துச் சமாளிக்கிறேன். கட்டைக் கணக்கைக் கேட்ட நொடியில் கை அந்த இடத்துக்குப் போக வேண்டும். இதை மட்டும் வீட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துவிட்டுப் போனால் ஆர்கெஸ்ட்ரா மாஸ்டர்கள் உங்களை அடுத்த முறையும் கூப்பிடுவார்கள்.

இடையிசை இன்னொரு விஷயம். இளையராஜா கிட்டாருக்குக் கொடுத்த இடங்களை மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தைமார்கள்கூட வாயால் பாடுவார்கள். ஒரு ஸ்வரம் மாறினாலும் அவர்களுக்குத் தெரியும், முகத்திலும் தெரியும். ப்ளூஸ் மாதிரி நினைத்ததை வாசிக்கும் சுதந்திரம் இங்கே இல்லை. அதே மாதிரி, நம் மெட்டுகளில் வரும் கமகத்துக்குக் கம்பியை மேலே தள்ளி வளைப்பதைவிட ஒரே விரலால் சறுக்கிப் போவதுதான் நன்றாகப் பொருந்துகிறது. வளைத்தால் ராக் வாடை அடிக்கிறது. கீபோர்டு மாஸ்டர் இடது கையில் பேஸ், வலது கையில் வயலின் கூட்டம் என்று மொத்த இடத்தையும் எடுத்துக்கொள்வார். அவரோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. தடித்த கம்பிகளை விட்டுவிட்டு மெல்லிய மூன்று கம்பியில் சின்னச் சின்னக் கார்டாக வாசித்தால் இருவர் சத்தமும் தனித்தனியாகக் கேட்கும். மணமக்கள் நுழையும்போது உறுமி மேளம் உள்ளே வந்தால் கிட்டாரின் வால்யூமைச் சுழியில் வைத்துவிட்டு வேடிக்கை பாருங்கள். உறுமிக்கு மேல் எந்த ஆம்ப்ளிஃபயரும் கிடையாது.

ஆண்டு விருந்துதான் பணம் வரும் இடம். பெரிய ஹோட்டல், மதியம் இரண்டு மணிக்கு சவுண்ட் செக், ராத்திரி பத்து மணிக்கு மேடை. நடுவில் இருக்கும் நேரத்துக்கு ஒரு புத்தகமோ பவர் பேங்கோ கொண்டுபோக வேண்டும். இங்கே கேட்பதெல்லாம் மலாய் ராக், அதிலும் மெதுவான உருக்கப் பாட்டுகள். மேலாளரோ கணக்குப் பிரிவு அபாங் (மலாய் அண்ணன்) ஒருவரோ மேடையேறிப் பாடுவார். அசல் பாடகர் எட்டிய உச்சம் அவருக்கு எட்டாது, ஆகவே ஒவ்வொரு பாட்டையும் அசல் சுருதியிலும் இரண்டு ஃப்ரெட் கீழேயும் தயாராக வைத்திருக்கிறேன். தமிழ் இடையிசை மாதிரியேதான் இங்கே சோலோவும்: ஐநூறு பேர் அதைச் சேர்ந்து பாடுவார்கள், மாற்ற முடியாது. ஆனால் இதில் வளைக்கலாம், எவ்வளவு அழவைத்து வளைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. அப்புறம் லக்கி டிரா. பாட்டின் உச்சத்தில் அறிவிப்பாளர் வந்து நிறுத்தச் சொல்வார், தொலைக்காட்சிப் பெட்டி யாருக்கு என்று எண்ணை வாசிப்பார், மறுபடி விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார். சிரித்துக்கொண்டே செய்ய வேண்டும். முகம் சுளிக்கும் பேண்டை அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள்.

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயம், இந்த மூன்று மேடைக்கும் தனித்தனிப் பஞ்சாங்கம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் தமிழ்க் கல்யாணம் கிடையாது. ரமலான் நோன்பு மாதத்தில் பல இடங்களில் பேண்ட் வைப்பதில்லை, விருந்துகளும் நின்றுபோகும். நோன்பு ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாள் முன்னால் நகர்வதால் அது எந்தத் தமிழ் மாதத்தோடு மோதுகிறது என்று பார்த்து வைக்க வேண்டும். 2012-இலும் 2013-இலும் நோன்பு ஏறக்குறைய ஆடியோடு சேர்ந்தே வந்தது. எங்கள் வட்டாரத்து வாத்தியக்காரர்கள் அந்த இரண்டு வருடத்தையும் இன்னும் மறக்கவில்லை. வருடக் கடைசியில் ஆண்டு விருந்துகள் குவியும். தீபாவளி ஒட்டித் திறந்த இல்ல உபசரிப்புகள் இருக்கும். அந்த மாதங்களில் வருவதை எடுத்து வைத்துத்தான் வறண்ட மாதங்களை ஓட்டுகிறோம். மாதச் சம்பளக்காரனின் வரவு செலவுக் கணக்கு இதற்குச் சரிப்படாது, வருடக் கணக்குதான் போட வேண்டும்.

பொருளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது கிட்டாரிஸ்ட் எழுதியது என்று யாரும் நம்ப மாட்டார்கள். விலையைப் பற்றிப் பேசப்போவதில்லை, காற்றைப் பற்றிச் சொல்கிறேன். நம் ஊர் ஈரப்பதத்தில் அக்கூஸ்டிக் கிட்டாரின் மேல்பலகை ஈரம் குடித்து உப்பும், கம்பி மேலே ஏறும், பிடிக்கக் கை வலிக்கும். கிட்டார் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகள் கற்பதையே நிறுத்திவிடுகிறார்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தாலே பாதி சரியாகும், மீதிக்கு ஒரு நல்ல ரிப்பேர்காரர் வேண்டும். எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பி துருப்பிடிப்பதுதான் தலைவலி. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்தால் ஆயுள் கூடும். எந்தக் கிட்டாரையும் வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் வைக்காதீர்கள், பிரிட்ஜை ஒட்டிய பசை இளகிவிடும். குளிர்சாதன மண்டபத்துக்குள் போனதும் கிட்டாரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிடுவேன், அந்தக் குளிருக்கு மரமும் கம்பியும் பழகட்டும் என்று. கடைசி நிமிடம் எடுத்தால் முதல் பாட்டு முடிவதற்குள் சுருதி ஓடிவிடும்.

வீட்டில் தனியாக வாசிக்கும்போது இனிக்கும் சத்தம் பேண்டுக்குள் காணாமல் போவது எல்லாருக்கும் நடக்கும். பேஸைக் கூட்டி, நடுவைக் குறைத்து, டிஸ்டார்ஷனை (சத்தத்தைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) நிரப்பி வைத்திருப்போம். அந்தப் பேஸ் பகுதி பேஸ் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் உரியது. மிட் என்று எழுதியிருக்கும் குமிழைக் கூட்டி, டிஸ்டார்ஷனைப் பாதியாக்கிப் பாருங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும், பேண்டுக்குள் தெளிவாக வரும். ஆம்ப்ளிஃபயரைத் தரையில் வைத்தால் உங்கள் கால் முட்டிதான் கேட்கும். நாற்காலி மேல் ஏற்றியோ பின்னால் சாய்த்தோ காதைப் பார்க்கிற மாதிரி வையுங்கள், சத்தத்தைக் கூட்டும் ஆசை தானாகக் குறையும்.

இதை எல்லாரும் கவனமாகப் படிக்க வேண்டும்: மின்சாரம். திறந்த வெளியில் கூடாரம் போட்டு நடக்கும் விசேஷங்களில் ஒரு பக்கம் வீட்டிலிருந்து வயர், இன்னொரு பக்கம் ஜெனரேட்டர் என்று இழுத்திருப்பார்கள். கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஒன்றிலும் மைக் மிக்ஸர் இன்னொன்றிலும் இருந்து, எர்த் சரியில்லை என்றால், கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் உதடு வைக்கும் ஆள் வழியாக மின்சாரம் பாயும். இந்த நாட்டில் ஓடுவது 230 வோல்ட் பக்கம். அது உதட்டோடு நிற்காது. பாடும் முன் கையால் தொட்டுப் பார்க்கக் கூடாது, கை இறுகிப் பிடித்துக்கொள்ளும். மேடைக்கு வந்ததும் வோல்ட் மீட்டரால் கிட்டார் கம்பிக்கும் மைக்கின் இரும்பு வலைக்கும் நடுவே அளந்து பார்க்கச் சொல்லி சவுண்ட்காரரிடம் கேளுங்கள். மேடையில் உள்ள எல்லாம் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். இரைச்சல் வருகிறது என்று மூன்று பின் பிளக்கின் எர்த்தைக் கழற்றிவிடும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் நான் கிட்டாரைப் பெட்டியில் வைத்துவிடுவேன். மழை சாரல் அடிக்கும் மேடைக்கும் அதே பதில்தான். கோபித்துக்கொண்டவர்கள் உண்டு, பரவாயில்லை.

காதைப் பற்றி இருபது வயதில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்டிருக்க மாட்டேன். என் இடது காதில் ஒரு மெல்லிய கீச்சொலி இருந்துகொண்டே இருக்கிறது. டிரம்மரின் சிம்பல் எப்போதும் என் இடது பக்கம்தான். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, இப்படியே போனால் 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடம்தான். மூடிய ஜாம்மிங் ஸ்டூடியோவில் (வாடகைக்குக் கிடைக்கும் பயிற்சி அறை) டிரம்ஸோடு சேர்ந்து வாசித்தால் 100-ஐத் தாண்டுவது சாதாரணம். நாம் அங்கே இரண்டு மணி நேரத்துக்குக் காசு கட்டியிருப்போம். பஞ்சுக் காதடைப்பான் மேல் ஒலிகளை அதிகமாகத் தின்றுவிடும், எல்லாம் போர்வைக்குள் கேட்கும். வாத்தியக்காரர்களுக்கென்று வரும் வடிகட்டி வைத்த காதடைப்பான் எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கிறது. ஒரு எஃபெக்ட் பெடல் வாங்கும் காசில் நல்லதே கிடைக்கும். ஒரு வாரம் பழக வேண்டும். அப்புறம் அது இல்லாமல் மேடையேறவே பிடிக்காது. சத்தத்துக்குப் பிறகு காது அடைத்த மாதிரியோ ஒலித்துக்கொண்டோ இருந்தால் மறுநாள் காதுக்கு முழு ஓய்வு கொடுங்கள். இரண்டு நாளாகியும் விடவில்லை என்றால் காது மருத்துவரைப் பாருங்கள்.

பணத்துக்கு வருகிறேன். தொகையை முதலில் சொல்லாமல் "வாங்க பார்த்துக்கலாம் அண்ணே" என்பவருக்கு நான் வாசிப்பதில்லை, அது சொந்தக்காரராக இருந்தாலும். சொந்தக்காரராக இருந்தால் இன்னும் கறாராக இருப்பேன், இல்லாவிட்டால் பொங்கலுக்கு முகம் பார்க்க முடியாது. தேதி, இடம், எத்தனை மணி நேரம், சாப்பாடு, பார்க்கிங், மொத்தத் தொகை, பாதி முன்பணம், மீதி என்றைக்கு. இத்தனையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருக்க வேண்டும். நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம் ஒன்று எங்கள் பேண்டுக்கான மீதிப் பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்தது. கடைசியில் அந்த வாட்ஸ்அப் உரையாடலைக் காட்டித்தான் வாங்கினோம். "மேடை கிடைக்கிறதே, பெயர் வருமே" என்று இலவசமாகக் கூப்பிட்டால் ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்த மேடையில் சவுண்ட்காரருக்கும் சாப்பாட்டுக்காரருக்கும் காசு கொடுக்கிறார்களா? கொடுத்தால் உங்களுக்கும் கொடுக்கலாம். நல்ல காரியத்துக்கு இலவசமாக வாசிப்பது வேறு, அதற்கு நாமே போய்க் கேட்கலாம்.

2020 மார்ச் 18-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது மூன்று மேடையும் ஒரே நாளில் நின்றன. சிலர் உணவு விநியோகத்துக்குப் போனார்கள், சிலர் கிட்டாரை விற்றார்கள். நான் காணொளியில் பாடம் எடுத்தேன். அதில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாசிக்க முடியாது, ஒலி தாமதமாக வந்து தாளம் தப்பும். மாறி மாறித்தான் வாசிக்க வேண்டும். இருந்தும் அதுதான் அப்போது கஞ்சி ஊற்றியது, இன்றும் வார நாள்களில் பாடம் இருக்கிறது. அந்தக் காலம் கற்றுக்கொடுத்ததில் உருப்படியானது சேமிப்புதான். முதலாளி இல்லாதவர்களும் ஓய்வுக்கால சேமநிதியான இபிஎஃப்பில் ஐ-சரான் திட்டம் வழியாகத் தாங்களே பணம் போடலாம். அதற்கு அரசு வருடத்துக்கு அதிகபட்சம் 500 வெள்ளி (ரிங்கிட்) வரை சேர்க்கிறது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் சுயதொழில் விபத்துக் காப்புத் திட்டம் கலைஞர்களுக்கும் உண்டு. அதில் மிகக் குறைந்த சந்தா மாதத்துக்கு ஒரு செட் கம்பி விலைகூட ஆகாது. ராத்திரி ஒரு மணிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் தொழில் நம்முடையது. போய்ப் பதிந்துவிடுங்கள்.

நாலாவது மேடை, சொந்தப் பேண்ட். தமிழில் ராக் எழுதுகிறோம். புதன் இரவு ஜாம்மிங் ஸ்டூடியோவில் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்துப் பயிற்சி. பல ஸ்டூடியோக்களில் நிற்கும் ரோலண்ட் ஜேசி-120-இன் சுத்தமான சத்தம் எனக்கு இப்போது பழகிப்போய், டிஸ்டார்ஷனை எல்லாம் பெடலில்தான் போடுகிறேன். தமிழில் எழுதுவதில் உள்ள சிக்கல் யாரும் சொல்லாதது: நம் நெடில் எழுத்துகள் தாளத்தில் விழும் இடம் ஆங்கில ராக்கின் இடமில்லை. ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) முதலில் எழுதி அதில் வார்த்தையைத் திணித்தால் குறில் நெடிலாகிறது, பாட்டு டப்பிங் மாதிரி ஆகிவிடுகிறது. இப்போதெல்லாம் வரியை முதலில் பேசிப் பார்த்து, அந்தப் பேச்சின் தாளத்துக்கு ரிஃப் எழுதுகிறேன். மெதுவாகத்தான் நடக்கிறது.

பாட்டு வெளிவருவதற்கு முன்னால் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பாக இருக்கும்போதே. மெட்டும் வரியும் எழுதியவர்கள் எம்ஏசிபி என்ற இசைப் படைப்பாளர் அமைப்பில் சேர்ந்து பாட்டைப் பதிந்தால், வானொலியிலோ மேடையிலோ அது ஒலிக்கும்போது வரும் உரிமத் தொகை அவர்களுக்கு வந்து சேரும். மலேசியச் சட்டத்தில் எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 50 வருடமும் பதிப்புரிமை நிற்கிறது. அவ்வளவு காலத்துக்கு நிற்கும் ஒன்றை மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டு வாய்ப்பேச்சில் பங்கு பிரிக்கக் கூடாது. எங்கள் பேண்டில் நாலு பேருக்கும் சமம் என்று வைத்துக்கொண்டோம். யார் ரிஃப் எழுதினார், யார் நாலாவது வரியை மாற்றினார் என்ற பேச்சு அதோடு நின்றது. எல்லா பேண்டுக்கும் இது சரிவராது. முழுப் பாட்டையும் ஒருவரே எழுதிக் கொண்டுவரும் குழுவில் சமப் பங்கு அவருக்கு அநியாயம்.

ஆள் மாறிக்கொண்டேதான் இருப்பார்கள். கல்யாணம், குழந்தை, சிங்கப்பூர் வேலை. அதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி, வேகம், எத்தனை சுற்று, எங்கே நிறுத்தம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, பயிற்சியில் பதிவு செய்த ஒலியோடு ஒரே ஃபோல்டரில் வைத்திருக்கிறோம். புதிதாக வருபவர் இரண்டு பயிற்சியில் மேடைக்குத் தயாராகிவிடுவார். எங்கள் டிரம்மர் இந்த மாதத்தோடு ஜொகூர் பாருவுக்கு மாற்றலாகிப் போகிறார், அந்த ஃபோல்டர் மறுபடி வேலைக்கு வருகிறது. ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். புதன் இரவு ஒன்பது மணிக்கு வர முடிய வேண்டும், காதில் தாளக் கிளிக் வைத்து வாசிக்கத் தெரிய வேண்டும், சொந்த வண்டி இருந்தால் நல்லது. காதடைப்பான் நாங்கள் தருகிறோம்.